கோட்டையும் அலமாரியும்

எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னையின் சாமான்ய ஜனங்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. 1851இல் அந்த மியூசியம் நுங்கம்பாக்கத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில்தான் ஆரம்பமாயிற்று. 1854இல் எழும்பூர் பாந்தியனுக்குப் போயிற்று. காலேஜ் என்ற பெயரும் கூடவே போய்விட்டது போலும். நாம் பிற்பாடு செய்துகொண்ட ‘அருங்காட்சியகம்’ என்ற சொல்லைவிட இந்தக் கொச்சைப் பெயரில் விஷயம் அதிகம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் அரிய பொருளும் அதைப் பார்க்கிற கண்ணும் மட்டுமே உண்டு. செத்த காலேஜில், செத்துப்போனது ஏதோ பாடம் சொல்லப் போகிறது என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பை நம் மியூசியங்கள் எவ்வளவு தூரம் மதிக்கின்றன என்பதே கேள்வி. தரங்கம்பாடியின் டேன்ஸ்பர்க் கோட்டையை முன்னிறுத்தி இதைப் பேசலாம்.

பழைய கட்டடத்துக்குள் மியூசியத்தை வைப்பது நம்மிடையே வெகுவாகப் பரவிய வழக்கம். 1795இல் வர்த்தகர்கள் கூடும் இடமாகத் திறக்கப்பட்ட கட்டடத்தில் 1948இல் சென்னைக் கோட்டை மியூசியம் வந்தது. தஞ்சை அரண்மனைக்குள் 1951இல் கலைக்கூடம் வந்தது. ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மதுரைத் தமுக்கம் மாளிகையில் 1959இல் காந்தி நினைவு மியூசியம். காரணங்கள் ஊகிக்க முடியாதவை அல்ல. ஆளில்லாத மாளிகை ஒன்று இருக்கிறது, இடிக்க மனமில்லை, குடியிருக்க லாயக்கில்லை. மியூசியத்துக்கோ இடம் வேண்டும். இரண்டையும் சேர்த்துவிட்டால் இரண்டு கோப்புகளும் முடிந்துவிடுகின்றன. இந்த ஏற்பாட்டில் ஒரு நஷ்டம் உண்டு. கட்டடம் அலமாரியாகிவிடுகிறது. உள்ளே வைத்த பொருள்களுக்குச் சீட்டு ஒட்டுகிறோம். அலமாரிக்கு யாரும் சீட்டு ஒட்டுவதில்லை.

டேன்ஸ்பர்க்கில் இந்த நஷ்டம் அதிகம். ஏனென்றால் அங்கே உள்ள பொருள்களில் எதுவும் அந்தக் கட்டடத்தைவிட முக்கியமானதல்ல.

அது எப்படி வந்தது என்பதே தற்செயல்களின் கதை. டென்மார்க்கில் கிழக்கிந்தியக் கம்பெனி 1616இல் பட்டயம் பெற்றது. கண்டி அரசனின் தூதன் என்று சொல்லிக்கொண்டு ஒரு டச்சுக்காரன் டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியனிடம் வந்தான். போர்த்துகீசியருக்கு எதிராக உதவினால் இலங்கையின் வியாபாரம் உங்களுக்கே என்று ஆசை காட்டினான். 1618இல் ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் கீழ் கப்பல்கள் புறப்பட்டன. தூதன் வழியிலேயே செத்துப்போனான். இலங்கை சேர்ந்தால், கண்டி அரசன் அந்த ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று கைவிரித்துவிட்டான். முன்கூட்டி அனுப்பப்பட்ட கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துகீசியர் அழித்திருந்தார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்ற வியாபாரி தஞ்சை நாயக்கர் ரகுநாதரிடம் போய்ச் சேர்ந்தான். அவன் மூலமாகப் பேச்சு நடந்து, 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. இலங்கைக்கென்று கிளம்பியவர்களுக்குக் கிடைத்தது சோழமண்டலக் கரையில் ஒரு மீனவர் ஊர்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சபலம் தட்டும். ஹாம்லெட் நடமாடும் எல்சினோர் கோட்டையும் இந்தத் தரங்கம்பாடிக் கோட்டையும் ஒரே அரசனுக்குச் சொந்தமாக இருந்தவை. நாடகம் எழுதப்பட்டுச் சுமார் 20 ஆண்டுகளில் இது கட்டப்பட்டது. இந்தச் சபலத்தை அடக்கிக்கொள்வது நல்லது. ஆவி உலவுவதற்கு இங்கே டென்மார்க்கிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. நம் ஆவிகளே போதும்.

முதல் ஆவி ஒரு கடிதம். ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசனுக்குப் பொன்னோலையில் ஒரு கடிதம் அனுப்பினார். வாசகம் தமிழ். கையெழுத்து தெலுங்கு. ரகுநாதர் தெலுங்கில் காவியம் செய்தவர், வடமொழியிலும் வல்லவர். அவர் அவையின் இலக்கிய மொழி தெலுங்கு. ஆனாலும் நிலத்தையும் துறையையும் பற்றி அயல் அரசனுக்கு எழுத வேண்டி வந்தபோது பொன்னில் பொறிக்கப்பட்டது தமிழ். கோபன்ஹேகனில் அதைப் படிக்க அன்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இருந்தும் அது தமிழில்தான் போயிற்று. தமிழ் அரசவையில் இல்லாமல்போன நூற்றாண்டுகள் என்று நாம் ஒரு காலத்தைக் குறிப்பிட்டு வருத்தப்படுகிறோம். அந்த வருத்தத்தின் நடுவே இந்தப் பொன்னோலையை வைத்துப் பார்க்க வேண்டும். காவியத்துக்கு ஒரு மொழி, காரியத்துக்கு ஒரு மொழி என்ற பிரிவினை இருந்திருக்கிறது. காரியத்தின் மொழியாகத் தமிழ் இருந்திருக்கிறது. நம் உரைநடையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் காரியத் தமிழை.

அந்த ஓலை இப்போது கோபன்ஹேகனில், அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்நியன் கொண்டுபோய்விட்டான் என்று இதற்காக யாரும் கூப்பாடு போடத் தேவையில்லை. கடிதம் பெற்றவனுடையது. எழுதியவர் பக்கத்தில் அரசே 1673இல் அழிந்துபோயிற்று. பெற்றவர் வீட்டில் அது நான்கு நூற்றாண்டாகப் பத்திரமாக இருக்கிறது. நமக்கு உறைக்க வேண்டிய விஷயம் வேறு. அந்தக் கடிதத்தினால் எழும்பிய கட்டடம் நம்மிடம் இருக்கிறது. கடிதத்தையும் கட்டடத்தையும் சேர்த்து வாசிக்கிற பழக்கம்தான் இல்லை.

இரண்டாவது, ஒரு காலியான இடம். 1639இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட கப்பலுக்குப் பிறகு 1669வரை அங்கிருந்து இன்னொரு கப்பல் வரவில்லை. ஐரோப்பாவில் யுத்தம், கையில் பணமில்லை. 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்தும் ஓடியும் போய், 1655இல் மிஞ்சியவன் ஒருவன்: எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண ஆள் என்று அவனைப் பற்றிச் சொல்கிறார்கள். திறை வரவில்லையென்று தஞ்சை நாயக்கரின் படை வந்து முற்றுகையிட்டது. அவன் வங்கக் கடலில் போகிற கப்பல்களைப் பிடித்து, அந்தப் பணத்தில் கோட்டையைப் பழுதுபார்த்தான், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினான், கடைசியில் நாயக்கரோடு சமாதானமும் செய்துகொண்டான். பிற நாட்டுக் கப்பல்களின் மூலம் அவன் அனுப்பிய சேதிகள் டென்மார்க்குக்குப் போய்ச் சேர்ந்து, 1669 மே மாதம் ஃபேரோ என்ற கப்பல் வந்து சேர்ந்தது. தங்களுக்கு இந்தியாவில் இன்னும் ஒரு கோட்டை இருக்கிறது என்பது டேனிஷ் அரசுக்கே ஆச்சரியம்.

டேனிஷ் சரித்திரக்காரர்களுக்கு இது ஒரு தனி மனிதனின் வீரக்கதை. நியாயம்தான். ஆனால் கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்பவனுக்கு வேறொன்று தெரியும். ஒரு ஆள் ஒரு கோட்டையைக் காக்க முடியாது. 14 வருஷம் முறை வைத்துக் காவல் நின்றவர்கள், பீரங்கிக்கு மருந்து இடித்தவர்கள், மதிலுக்குச் செங்கல் சுட்டவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், கப்பல் பிடிக்கப் போன படகில் துடுப்புப் போட்டவர்கள் — இவர்களில் ஒருவர்கூட டேனிஷ்காரர் அல்ல. இருக்கவே முடியாது, இருந்த ஒரே டேனிஷ்காரன் மேலே மாடியில் இருந்தான். கொடி ஒன்றுதான் டென்மார்க்குடையது. அந்த 14 வருஷம் டேன்ஸ்பர்க் என்பது இந்தக் கரையின் ஆட்கள், ஒரு தூர தேசத்தானின் கொடியின் கீழ், தங்கள் சொந்த அரசனின் படைக்கு எதிராகக் காத்த கோட்டை. கூலிக்காகவா, பயத்தினாலா, நாயக்கரின் வரிக்கு இது மேல் என்ற கணக்கினாலா? ஒரு உள்ளூர் மியூசியம் எழுப்ப வேண்டிய கேள்வி இது. ‘டேனிஷ் கோட்டை’ என்று எழுதிய பலகை இந்தக் கேள்வியை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது.

மூன்றாவது ஆவி ஒரு பெண். அவள் பெயர் புழக்கத்தில் இருக்கும் எந்தச் சரித்திரத்திலும் வருவதில்லை. ஒரு நாவிதரின் விதவை, தமிழச்சி என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

1706 ஜூலையில் பார்த்தலோமியஸ் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் அரசர். வந்தவர் ஜெர்மானியர், 24 வயது ஆகவிருந்த இளைஞர். கோட்டைத் தலைவர் ஹாசியஸுக்கு இவரைக் கண்ட நாள் முதலே ஆகவில்லை. வியாபாரம் செய்ய வந்த இடத்தில் ஜனங்களின் நடுவே போய் உட்கார்ந்து பேசுகிற ஆள் தொந்தரவு என்று கம்பெனிக்காரர்கள் நினைப்பது இயல்பு. 1708இல் அந்த விதவையின் விவகாரம் வந்தது. செத்துப்போன கணவனுக்கும் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் இடையே ஒரு கடன் வழக்கு. சீகன்பால்கு அவளுக்காகப் பரிந்து பேசினார். ஒருமுறை அல்ல, பலமுறை. டேனிஷ் கோயிலில் வைத்தே தலைவரின் முன்னால் மண்டியிட்டு முறையிடு என்று அவளுக்கு யோசனை சொன்னார். ஹாசியஸ் அவரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எழுத்துமூலமாக உத்தரவு வந்தால் வருகிறேன் என்றார் இவர். பதில் எழுத்தில் வரவில்லை, சிப்பாய்கள் வந்தார்கள். விசாரணையில் வாய்திறக்க மறுத்ததால் அந்த டேன்ஸ்பர்க்கிலேயே சிறை. நான்கு மாதம்.

எழுத்துமூலம் வேண்டும் என்ற அந்த ஒரு கோரிக்கையில் நிற்கத் தோன்றுகிறது. உத்தியோகத்தில் இருக்கிற எவருக்கும் இந்தக் கோரிக்கையின் வலிமையும் ஆபத்தும் தெரியும். வாய்வார்த்தையில் நடக்கிற அதிகாரம் காகிதத்தைக் கேட்டால் கோபம் கொள்கிறது. சீகன்பால்குவை நம் ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு சாரார் புனிதர் என்று கும்பிடுகிறார்கள். சிறை அவருடைய பாடுகளில் ஒன்று. இன்னொரு சாரார் மதம் மாற்ற வந்தவர் என்று ஒதுக்குகிறார்கள். சிறை வெள்ளைக்காரர்களுக்குள் நடந்த சண்டை. இரண்டு பேச்சிலும் அந்த விதவை காணாமல்போகிறாள். அவள் கடன்காரியா, கடன் கொடுத்தவளா, வழக்கு என்னவாயிற்று, மண்டியிட்டாளா, மண்டியிட்டபோது தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாரா — இவை யாருக்கும் வேண்டியதில்லை. ஆனால் அவளை எடுத்துவிட்டால் சிறையும் இல்லை. நாவிதச் சாதிப் பெண் ஒருத்தியின் கடன் வழக்கு, அரசர் அனுப்பிய ஆளையும் கம்பெனித் தலைவரையும் நேருக்கு நேர் நிறுத்தியிருக்கிறது. தரங்கம்பாடியின் உள்ளூர் சரித்திரம் என்று சொல்லத் தகுந்தது இதைவிட வேறென்ன?

சீகன்பால்கு சிறைக்குப் போன அதே 1708இல்தான் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்திருந்தார். தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலும் அந்த ஆண்டில் எழுதினார். சுவடி வாங்க ஆள் அனுப்புவார். இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடமிருந்து அவை வாங்கப்பட்டன என்று அவரே எழுதியிருக்கிறார். மறுபடியும் விதவைகள். மறுபடியும் பெயர் இல்லை. நம்முடைய ஏடுகள் கைமாறிய சரித்திரத்தில் இந்தப் பெண்களுக்கு ஒரு இடம் உண்டு. சுவடி தேடி அலைந்த மகான்களைப் பற்றி நமக்குத் தெரியும். அரிசிக்காகச் சுவடியை எடுத்துக் கொடுத்த கையைப் பற்றி யோசித்தோமா?

அந்த மூன்று நீதி நூல்களின் மொழிபெயர்ப்பு அச்சேறியது 1930இல், ஆம்ஸ்டர்டாமில். 1711இல் தமிழ்ச் சமயங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் அதே நகரில் 1926இல் வந்தது. 1713இல் முடித்த தெய்வங்களின் வம்சாவளி 1867இல் சென்னையில் வந்தது. ஹாலே நகரத்தில் அவருக்கு மேலாளராக இருந்த ஃபிராங்கே, அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பினோமே ஒழிய அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற அர்த்தத்தில் பதில் சொல்லிக் கிடப்பில் போட்டார். இருநூறு வருஷம் காத்திருந்த கையெழுத்துப் பிரதிகள். தன் எஜமானர்கள் கேட்க விரும்பாததை எழுதுகிறவனுக்கு நேர்கிற கதி எல்லா நாட்டிலும் ஒன்றே. மாற்றவென்று வந்த இடத்தில் தான் புரிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டவனின் சங்கடம் இந்தத் தேதிகளில் இருக்கிறது.

ஆனால் நமக்கு இன்னும் நெருக்கமான இழப்பு வேறு. 1712லிருந்து 1714வரை சீகன்பால்குவும் அவருடைய சகாவும் இந்தப் பகுதித் தமிழர்களிடம் கேள்விகள் எழுதிக் கேட்டார்கள். கடவுள், சாதி, கல்யாணம், வியாபாரம், கிறிஸ்தவர்களைப் பற்றிய அபிப்பிராயம் எல்லாம். தமிழர்கள் பதில் எழுதினார்கள். நூறுக்குச் சற்றுக் குறைவான கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. எழுதியவர்களின் பெயர்கள் அச்சில் இல்லை. தமிழ் மூலங்கள் கிடைக்கவில்லை. அவற்றில் ஒரு பகுதியையேனும், முன்பு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்து பிறகு சீகன்பால்குவோடு சேர்ந்த அழகப்பன் எழுதியிருப்பார் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஆக, 300 வருஷத்துக்கு முந்தைய சாதாரணத் தமிழர்களின் சிந்தனையும் வசனமும் இன்று ஜெர்மன் மொழியில்தான் இருக்கின்றன. இந்தியப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் வெள்ளைக்காரனின் குடியைப் பற்றியும் அன்று ஒருவர் என்ன வாக்கியத்தில் சொன்னார் என்பது போய்விட்டது. சொன்ன விஷயம் மட்டும் வேறு மொழியின் உடுப்பில் நிற்கிறது.

பக்கத்துப் புதுச்சேரியை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஆனந்தரங்கப் பிள்ளையும் துபாஷிதான். 1736லிருந்து 1761வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். தமிழில், தனக்காக. வீட்டில் கிடந்தது, 1846இல் ஒரு பிரெஞ்சுக்காரரின் கண்ணில் பட்டது, அதனால் பிழைத்தது. அழகப்பன் பிறருக்காக எழுதினார், பிறர் கேட்ட கேள்விக்கு எழுதினார். அதனால் ஜெர்மன் பிழைத்தது, தமிழ் போயிற்று. இருபது முப்பது வருஷ இடைவெளியில், ஒரே கரையில், ஒரே உத்தியோகத்தில் இருந்த இருவர். நம் வசனத்தின் சரித்திரத்தை 1879இல் அச்சான பிரதாப முதலியாரிலிருந்து தொடங்கி, அதற்கு முந்தையதைப் பாதிரிமார் என்ற ஒரே வரியில் தீர்த்துவிடுகிறோம். அந்த வரிக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். விற்றவரும் வாங்கியவரும் தெரியும். ஊராரைக் கேட்பது அக்காலத்து வழக்கமல்ல. பிற்காலத்தில் கோட்டை பயணியர் விடுதியாயிற்று. 1978வரை அப்படித்தான். ஹாசியஸ் இருந்த இடத்தில் முகாம் வந்த அதிகாரிகள் படுத்து எழுந்து போனார்கள். பிறகு மாநிலத் தொல்லியல் துறையின் கையில் வந்து மியூசியம் ஆயிற்று. பீங்கான் பாத்திரங்கள், கண்ணாடிச் சாமான்கள், சீனத் தேயிலை ஜாடிகள், மாக்கல் விளக்குகள், சுடுமண் உருவங்கள், சுதை பொம்மைகள், வாள், குத்துவாள், ஈட்டி, சிறு பீரங்கிக் குண்டுகள், டேனிஷ் கையெழுத்து ஏடுகள் இருக்கின்றன. ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் பகுதியும் இருக்கிறது.

திமிங்கலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கடல் கொண்டுவந்து போட்டதைக் காட்டுவதும் கடற்கரை ஊருக்குப் பொருத்தமே. கடல் எடுத்துக்கொண்டு போனதும் பக்கத்திலேயே இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல், ஏற்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ஊருக்குச் சடங்கன்பாடி என்ற பழைய பெயரைச் சொல்வது அந்தக் கோயிலின் கல்வெட்டு. ஐரோப்பியர் வருவதற்கு 300 வருஷம் முன்பே பெயரும் வியாபாரமும் உள்ள ஊர். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். தரங்கம்பாடி மீனவர்களும் அதில் உண்டு. கோட்டை நின்றது. இந்த நூற்றாண்டில் டென்மார்க்கிலிருந்து உதவி வந்து, அரசும் செலவு செய்து, சுவர்கள் பழுதுபார்க்கப்பட்டன. செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சுவர் இல்லாமல் பேச்சில்லை.

ஆனால் சுவரைச் செப்பனிடுவதும் சுவருக்கு அர்த்தம் தருவதும் இரண்டு வேலைகள். இரண்டாவதை டென்மார்க் செய்ய முடியாது. செய்தால் அவர்களுடைய அர்த்தத்தைத்தான் செய்வார்கள். தன் பாட்டன் கட்டிய கோட்டையைப் பார்க்கக் கடல் கடந்து வருகிறவனுக்குச் சீன ஜாடி போதும். அது அவன் மேஜைக்குப் போக இருந்த ஜாடி. இந்த ஊரானுக்கு அந்த ஜாடியில் என்ன இருக்கிறது? அதைக் கப்பலிலிருந்து அலையைக் கடந்து உடையாமல் கரைசேர்த்த படகோட்டி இருக்கிறான். அந்த வார்த்தை அந்தச் சீட்டில் ஏறும்வரை ஜாடி அவனுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஜாடி, அவ்வளவுதான்.

நம்முடைய ஆட்சேபம் எனக்குக் கேட்கிறது. அரசாங்க இலாகாவிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா? இலாகா, பொருளுக்கு எண் போட்டுப் பூட்டி வைக்கும். அது அதன் வேலை, அதைச் செய்தால் போதும். ஆனால் சீட்டில் என்ன எழுதுவது என்று சொல்ல வேண்டியவர்கள் யார்? ஈராயிரம் வருஷத்துப் பழமையை மேடையில் அறைந்து பேச நமக்கு ஆள் பஞ்சமில்லை. முன்னூறு வருஷத்துக்கு முந்தைய கடன் வழக்கு ஒன்றைக் கையிலெடுக்க ஆள் இல்லை. தொன்மை பெருமைக்கு உதவும். அதனிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அண்மைச் சரித்திரம் அசௌகரியமானது. அதில் சொந்த அரசனின் படைக்கு எதிராகக் கூலிக்கு நின்றவன் வருவான், அரிசிக்குச் சுவடி விற்ற பாட்டி வருவாள், அந்நியனுக்காகக் கடிதம் எழுதி அந்நியனாலேயே பெயர் இழந்த அழகப்பன் வருவார். இவர்களை வைத்துக்கொண்டு பெருமையும் பட முடியாது, வசைபாடவும் முடியாது. புரிந்துகொள்ளத்தான் முடியும். விமர்சனம் என்ற பெயரில் நாம் இந்தச் சிறு பக்கங்களில் செய்ய முயல்வதும் அதுதான் என்றால், இது நம் வேலையாகவும் ஆகிறது.

செய்யக் கூடியது பெரிதல்ல. கோட்டையின் கீழ்த்தளத்து அறைகளே காட்சிப் பொருள்கள் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்: கிடங்கு, சிப்பாய்கள் தங்கிய இடம், சிறை. அவற்றில் பொருள் எதையும் வைக்க வேண்டாம். வெறுமையாகவே இருக்கட்டும். இந்த அறையில் என்ன நடந்தது, யாருக்காக நடந்தது என்று தமிழில் நான்கு வரி எழுதிய பலகை போதும். 1655க்கு ஒரு பலகை. 1708க்கு ஒரு பலகை. அதில் முதல் பெயராக அல்லது பெயர் இல்லாத முதல் ஆளாக அந்த விதவை இருக்க வேண்டும். பொன்னோலையின் நகல் ஒன்று, அதன் வாசகம் இன்று படிக்கிற எழுத்தில். ஹாலேயில் அச்சான கடிதங்களில் இரண்டொன்று, மறுபடி தமிழில் — இழந்த வாக்கியம் திரும்பாது என்ற குறிப்போடு.

பொறையாறு பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்று ஒரு இடம் உண்டு. சீகன்பால்குவின் அச்சகத்துக்காக 1715 வாக்கில் காகிதம் செய்ய ஏற்பட்ட ஆலையின் ஞாபகம் அது. ஆலை போய்விட்டது. தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சான இயந்திரமும் போய்விட்டது. கடுதாசி என்பது போர்த்துகீசியர் வழியாக வந்த சொல். அலமாரியும் சாவியும் ஜன்னலும் அப்படியே. இந்தக் கரையில் வியாபாரத்துக்கு எல்லோரும் பேசிய மொழி அது, டேனிஷ்காரர்கள் உட்பட. யாரும் பலகை வைக்காமல், யாரும் பூட்டி வைக்காமல், வண்டிக்காரர்களும் தபால்காரர்களும் சொல்லிச் சொல்லியே 300 வருஷம் காப்பாற்றிய பெயர். கோட்டைக்குள் இருக்கிற எதையும்விட நன்றாகப் பராமரிக்கப்பட்ட பொருள் அதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.